கண்ணையா உள்ளே வந்தார்

மில்லில் கண்ணையா கடைசியாகச் செய்தது, முதலாளி அறையில் தொடங்கி எல்லாப் புதுக் கம்ப்யூட்டருக்கும் துணி உறை மாட்டியதுதான். "தூசி படாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய் சோமனூர் பஸ்சில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

அவர் வேலை மகள் சாய்ப்ரியாவுக்குக் கிடைத்தது. வீட்டில் வேறு சம்பளம் இல்லை. கம்ப்யூட்டருக்குள் நுழைய அவளுக்குப் புது எண் கொடுத்தார்கள். அப்பாவின் பதினேழாம் எண்ணை யாரும் நீக்கவில்லை.

கம்ப்யூட்டர் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பிரிவு கறாரானது. யார் நுழைந்தார், எதைத் திறந்தார் எல்லாம் பதிவாக வேண்டும். அடுத்தவர் எண்ணில் நுழைந்தவருக்கு மில்லில் வேலை இல்லை. முதலாளி ராமுலு அடம்பிடித்துச் சேர்த்த பிரிவு அது.

ஆறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, கம்பெனி இன்ஜினியர் சுஃப்யான் அந்தப் பதிவை அச்செடுத்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, வாராவாரம் திங்கக்கெழமை காலைல கண்ணையா உள்ள வந்திருக்காருங்க. பஞ்சுக் கலவைக் கணக்கத் தொறந்து பாத்திருக்காருங்க."

எந்தப் பஞ்சை எவ்வளவு சேர்ப்பது என்பது மில்லின் ரகசியம். ராமுலு நேராகச் சாய்ப்ரியாவின் மேசைக்கு வந்தார்.

"ஏனம்மணி, உங்கப்பா அவரு நம்பர ஊட்டுல சொல்லாமயா இருந்திருப்பாரு? எந்த மில்லுக்காரனுக்கு வித்தே?"

"விக்கலீங்க. எங்கப்பா இருந்தப்ப திங்கக்கெழமை லேட்டாத்தானுங்க வருவாரு. செத்தப்புறம் நேரமே வாராருன்னா எனக்குச் சந்தோசந்தானுங்க."

சுஃப்யான் சிரிப்பை மறைக்க இருமினார்.

"நக்கலு வேறயா? இன்னிக்கே கணக்கு முடிச்சுட்டுக் கெளம்பு. தம்பி, மொதல்ல அந்தச் செத்தவரு நம்பர மூடிப்போடுங்க."

சுஃப்யான் மூடினார். ராமுலு விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார். சாய்ப்ரியா டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தாள்.

முதலாளி அறையிலிருந்து சத்தம் கேட்டது.

"தம்பி, இங்க ஓடி வாங்க! கண்ணையா சொல்லிக்குடுத்த மாதிரியேதான் பதினேழு போடறேன். இன்னிக்குன்னு பாத்துத் தொறக்க மாட்டேங்குது!"

யாருக்கும் வேலை போகவில்லை. புது எண்ணை மனப்பாடம் செய்ய முதலாளி ஒப்பவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமையும், பதிவின்படி, கண்ணையா நேரத்திலேயே வேலைக்கு வந்திருந்தார்.