வாடிக்கையாளர் சொன்ன நன்றி

“எங்களை அழைத்ததற்கு நன்றி. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.”

சொன்னது அவள் இல்லை. போன் பண்ணிய வாடிக்கையாளர்!

சொல்லிவிட்டு எதிர்முனை ஒரு நொடி திகைத்தது. “ஐயையோ” என்றது. டொக்கென்று லைன் கட்.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாஷிங் மெஷின் புகார்களைப் போனில் வாங்கும் ஆபீஸ் அது. நாற்பது பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சொல்கிற வரி. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். ஆனால் மெஷின் வாங்கியவர் எதற்குச் சொல்லப்போகிறார்?

அப்படியென்றால் பேசியது உள்ளாள்தான்!

யோசிக்க ஏது நேரம்? இங்கே ஒரு கால் முடிந்தால் பத்தாவது செகண்டில் அடுத்தது வந்து விழும். விழுந்தது.

“உனக்கெல்லாம் எவன் வேலை கொடுத்தான்?” என்று தொடங்கி, ஒரு ஆள் காது கிழியக் கத்தினார்.

அவள் ஹெட்போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு முன் இப்படி ஒரு கத்தலுக்கு நடுவில்தான் மூச்சு முட்டி, மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். மனசுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். இரண்டு மாத லீவு முடிந்து வந்த அன்று, ‘உங்கள் மனநலமே எங்கள் பலம்’ என்ற போஸ்டருக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, மேனேஜர் பூங்கொத்து கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார். கையோடு ஒரு கடிதமும் கொடுத்தார். ஒரு மாதம் பார்ப்போம். வேலை நேரத்தில் ஒரு தடவை ஹெட்போனைக் கழற்றினாலும் வீட்டுக்குப் போகலாம்.

இன்னும் ஒரு வாரம் பாக்கி. இந்த வேலையும் போனால், தான் எதற்கும் லாயக்கில்லை என்று அவளே நம்பிவிடுவாள். அவளுக்கு அந்த பயம்தான் பெரிது.

கத்தியவர் ஒருவழியாக ஓய்ந்தார். அடுத்த கால்.

“மெஷின் அருமையா ஓடுதுங்க. என்னமோ கேக்கணும்னு நினைச்சேன், மறந்துபோச்சு. லைன்லயே இருங்க, எழுதி வச்ச சீட்டைத் தேடிட்டு வரேன்.”

மூன்று நிமிடம் ஒரு சத்தமும் இல்லை.

மூன்று வாரமாக இதே கதைதான். யாராவது கத்தினால், பின்னாலேயே ஒரு சாது வந்துவிடுகிறார். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு வயதான அம்மா வேறு. “கண்ணு, சாப்பிட்டியா?” என்று கேட்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு ஒரு புகாரும் கிடையாது. கடவுளுக்குக் கண் இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

கண்ணாவது, மண்ணாவது! கடுகுக்குக் காது இருக்கிறது.

கடுகு என்பது சூப்பர்வைசரம்மாவுக்கு ஆபீஸ் வைத்த பெயர். எதற்கெடுத்தாலும் படபடவென்று வெடிப்பார். கண்ணாடி அறைக்குள் இருந்தபடி எல்லார் லைனையும் கேட்கிற வசதி அவர் ஒருவருக்குத்தான். அவளிடம் யார் கத்தினார்கள் என்பது வேறு யாருக்குத் தெரியும்? ஆள் வைத்துச் சோதிக்கிறார்!

டீ இடைவேளை வந்ததும் நேராகக் கண்ணாடி அறைக்குள் போய் நின்றாள்.

“மேடம், ஆள் வச்சு எனக்கு போன் பண்றீங்களா?”

கடுகு நிமிரவே இல்லை. “யார் உளறினது?”

“அப்போ உண்மைதானா? என்னை அனுப்பணும்னா நேரா அனுப்பிடுங்க. ஏன் தலையைச் சுத்தி மூக்கைத் தொடறீங்க?”

“டீ குடிச்சியா? குடிச்சிட்டுப் போய் சீட்ல உட்காரு.”

“பதில் சொல்லுங்க மேடம்.”

“போன்னா போ!” கடுகு வெடித்தார்.

அழுகையை அடக்கிக்கொண்டு பின்பக்க மாடிப்படிக்கு ஓடினாள். அங்கே பக்கத்து சீட்டுக்காரர். ‘எனக்கு வர்றவன் எல்லாம் கத்துறான், உனக்கு மட்டும் தேனா பேசுறாங்க, மச்சம்மா உனக்கு’ என்று தினமும் பொருமுகிற அதே ஆள். ஆறிப்போன டீயோடு இன்னொருவரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

“பழக்கதோஷத்துல நன்றி சொல்லித் தொலைச்சிட்டேன்யா. கடுகு என்னைச் சும்மா விடாது.”

அவளைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

“அண்ணே, நீங்களா?”

“நான் மட்டும் இல்லம்மா. டீக்கு வர்ற எல்லாரும்தான். உன்கிட்ட எவனாவது கத்தினா, கடுகு எங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். நீ எடுத்த பழைய புகார் நம்பரை அழுத்தினா லைன் நேரா உனக்குத்தானே வருது? குரலை மாத்திப் பேசுவோம்.”

“எதுக்குண்ணே இதெல்லாம்?”

“உனக்கு ரெஸ்ட் கொடுக்க கடுகுக்கு அதிகாரம் இல்ல. கால் கொடுக்கலாம் இல்ல? நாங்க லைன்ல இருக்கிற வரைக்கும் வேற எவனும் உள்ள வர முடியாது. ஹெட்போனைக் கழட்டாமலே நீ கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா வேணாம்னுடுவே. உன்னைப் பத்தித் தெரியாதா?”

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அந்த ஒரு மணி அம்மா? அது யாரோட அம்மா?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எந்த அம்மா? ஒரு மணிக்கு நாங்க யாரும் பண்றதில்லையே!”

மறுபடியும் குழப்பம். சீட்டுக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டினாள்.

சரியாக மணி ஒன்று. லைன் வந்தது.

“கண்ணு, சாப்பிட்டியா?”

“இனிமேதாம்மா.” முதல் தடவையாக அவள் திருப்பிக் கேட்டாள். “நீங்க சாப்பிட்டீங்களா?”

கண்ணாடி அறைக்குள், போனும் கையுமாக முதுகைக் காட்டி நின்றிருந்த கடுகு, இல்லை என்று தலையாட்டினார்.