முப்பத்திரண்டில் எட்டு

ஹலீம் கிணற்றைத் துப்புரவாக்கி மேலே ஏறி வந்தபோது, யோகலிங்கம் மாஸ்ரர் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

பன்னிரண்டு வருடமும் ஐந்து மாதமும் கழித்துச் சந்திக்கிறார்கள். ஹலீம் என்ன சொல்லுவார் என்று மாஸ்ரர் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

"சேறாய்க் கிடக்கு, கழுவீற்று வாறன். இருங்கோ மாஸ்ரர்" என்றார் ஹலீம்.

வீட்டுக்குக் கூரை இல்லை. சுவர் இருந்தது. அறைக்குள் ஒரு வேப்பமரம் யாரையும் கேட்காமல் வளர்ந்திருந்தது. தறப்பாள் கட்டிய மூலையில் கதிரை போட்டார்கள். ஹலீமின் மனைவி சபூறா பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தார். மருமகன் அஸ்மின் புத்தளத்துப் பிள்ளை. மாமனாரின் ஊரைப் பார்க்க வந்தவருக்கு, பார்த்தவரையில் ஒன்றும் பிடிக்கவில்லை.

மாஸ்ரர் வந்தது மன்னிப்புக் கேட்க. உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறவர் அவர். முதல் வரியை எழுதிவிட்டால் மிச்சம் தானாக வரும் என்பார். இதற்கு முதல் வரியே வரவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், நாலு வளவு தள்ளி, மாஸ்ரரின் விறாந்தையில் நாலு பேர் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு கடதாசி, ஆளுக்கு எட்டு. ஹலீமும் மாஸ்ரரும் ஒரு பக்கம். பிரித்துக் கையில் எடுத்த நேரம் பார்த்து இயக்கத்தின் ஒலிபெருக்கி வண்டி வந்தது. முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்றது.

ஹலீம் தன் எட்டுக் கடதாசியையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். மற்ற இருவரும் போட்டது போட்டபடி போனார்கள். அவர்களில் ஒருவர் இப்போது கனடாவில், மற்றவர் சுவரில் படமாக.

ஹலீமின் குடும்பம் மூட்டையோடு தெருவால் போனபோது, மாஸ்ரர் வீட்டுக்குள் இருந்து மிச்சம் இருபத்து நாலு கடதாசியையும் அடுக்கிக்கொண்டிருந்தார். படலைக்கு வந்து நின்றிருந்தாலும் ஒன்றும் மாறியிராது. ஆனாலும் வந்து நின்றிருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஹலீம் துவாயால் தலையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

"மருமகன், நான் சொன்ன மாஸ்ரர் இவர்தான். அண்டைக்கு என்ர கையில நாலு ஜாக்கும் இருந்தது. ஆட்டம் நடந்திருந்தா வெண்டிருப்பம்."

அஸ்மின் சிரித்தார். கல்யாண வீட்டிலேயே கேட்ட கதை. மாமனாருக்கு இங்கே தோட்டம் இருந்தது, லொறி இருந்தது, நாலு ஜாக் இருந்தது. கண்டவர் யாருமில்லை. இப்போது ஒருவர் அகப்பட்டிருக்கிறார்.

"உண்மையா சேர்?"

இந்த விளையாட்டில் ஜாக்தான் பெரியது, ஒன்றுக்கு முப்பது புள்ளி. ஏழுக்கும் எட்டுக்கும் ஒன்றுமே இல்லை. இருபத்து நாலு கடதாசியைக் கையில் வைத்திருக்கிறவருக்கு, போன எட்டும் எவை என்று தெரியாமல் இருக்காது. நாலு ஜாக்கும் மாஸ்ரரின் வீட்டு அலுமாரியில் இருந்தன. அதில் இரண்டு அன்றைக்கு அவருடைய கையிலேயே வந்தவை.

பிழையான விடையை அவர் எங்கும் விட்டதில்லை. தன் கல்யாணத்திலேயே, முகூர்த்தம் முடிய இருப்பது ஏழு நிமிடமல்ல, ஆறு என்று ஐயரைத் திருத்தியவர்.

சபூறாவும் கேத்தலைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

மாஸ்ரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முப்பத்திரண்டில எட்டு எடுக்கிற சேர்மானம் ஒரு கோடியே அஞ்சு லட்சத்துப் பதினெட்டாயிரத்து முந்நூறு. அதில நாலு ஜாக்கும் வாறது இருபதாயிரத்து நானூற்றி எழுபத்தஞ்சு. ஐந்நூற்றிப் பதினாலு தரத்துக்கு ஒருக்கா வரும், தம்பி. அண்டைக்கு வந்தது."

அவ்வளவு பெரிய எண்ணைச் சொல்கிறவரை யார் சந்தேகப்படுவது? அஸ்மின் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், தோட்டம் எதுவரைக்கும் இருந்தது என்று வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தார். சபூறா கேட்காமலே இன்னும் அரைக் கோப்பை ஊற்றினார்.

மாஸ்ரருக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. ஒரு பொய்யில் இவ்வளவு கிடைக்கும் என்று ஐம்பத்தாறு வயதுவரை அவருக்குத் தெரியாது.

ஹலீம் படலைவரை கூட வந்தார். யாரும் பின்னால் வரவில்லை என்று பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"மாஸ்ரர், நாலு ஏழும் நாலு எட்டும் ஒருத்தனுக்கே வாறதெண்டா?"

மாஸ்ரர் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டார். இந்த விடையும் அவருக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.

"ஒண்டே ஒண்டு. கோடிக்கு மேல பிரிச்சா ஒருக்கா."

 ஹலீம் கூரையில்லாத வீட்டைப் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டினார்.

"அப்ப சரி. எங்களுக்கு ஒருக்கா வந்திட்டுது. இனி வராது."

கடதாசிக்கு முந்தின ஆட்டம் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கணக்கு முதலில் இருந்துதான். மாஸ்ரர் இதை ஒவ்வொரு வருடமும் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப்போடுகிறவர்.

"ஓம் ஹலீம்" என்றார். "இனி வராது."