டர்போவா, சூப்பர்சார்ஜரா?

மதியம் மூன்று மணிக்கு வெண்மதியின் செல்போன் அடித்தது. அன்று அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"வணக்கம் சார், சொல்லுங்க."

"குறிஞ்சிப்பாடி கோவிந்தசாமிம்மா. டர்போ, சூப்பர்சார்ஜர் ரெண்டுமே இஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்குதுன்னு நேத்து சொன்ன. அப்புறம் என்னா வித்தியாசம்?"

"டர்போ, வீணாப் போற புகையால சுத்தும் சார். வேகம் புடிக்கக் கொஞ்சம் நேரமாவும். சூப்பர்சார்ஜரை இஞ்சினே பெல்ட் போட்டுச் சுத்தும். மிதிச்ச உடனே இழுக்கும். ஆனா பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும்."

"ஒண்ணு மீந்ததைத் தின்னுது, இன்னொண்ணு ஒலையிலயே கை வைக்குதுன்னு சொல்லு!"

வெண்மதி சிரித்துவிட்டாள். பன்னிரண்டு நாளாக தினமும் மூன்று மணிக்கு இப்படித்தான்.

"சரி, டர்போ காரே எடுத்துக்கறேன். நாளைக்கு ஷோரூமுக்கு நேர்ல வரேன். இனிமே போன் எதுக்கு?"

வெண்மதி குறிப்பெழுதிய நோட்டை மூடினாள்.

"சார், மன்னிச்சிருங்க. நான் ஷோரூம் பொண்ணு இல்ல. மொத நாள் நீங்க நம்பர் மாத்திப் போட்டுட்டீங்க. நான் பிஸிக்ஸ் முடிச்சிட்டு சிதம்பரத்துல வேலை தேடிக்கிட்டிருக்கேன். ரூம்ல இருந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. பேச ஆள் கெடச்சதுன்னு சொல்லாம விட்டுட்டேன். லைப்ரரில படிச்சுதான் பதில் சொன்னேன்."



"தெரியும்மா. மூணாம் நாளே கடலூர் ஷோரூமுக்குப் போயி ஒன்னைப் பத்திக் கேட்டேன். அப்படி யாருமே இல்லன்னாங்க. வெலையைக் கேட்டதும் காரு ஆசையும் போயிடுச்சி."

"அப்புறம் ஏன் சார் தினமும்..."

"எனக்கும் வீட்டுல பேச ஆளு இல்ல. காரு வாங்கறேன்னு பொய் சொல்றது உறுத்துச்சி. அதான் முடிச்சிக்கலாம்னு பாத்தேன்."

வெண்மதி நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"சார், நாளைக்கு கியர்பாக்ஸ் பார்க்கலாமா?"

"மூணு மணிக்குத்தானே?"