முதல் இடத்தில் ஒரு மஞ்சள் பூட்ஸ்

"யாரோட பூட்ஸ் இது, வாராவாரம் முதல் ஆளா வந்து நிக்குது?"

பெரியவர் மொஹாபி கேட்டதும், சுவரோரம் கம்பளிக்குள் சுருண்டிருந்தவர்கள் பாதிக் கண் திறந்து சிரித்தார்கள்.

லெசோதோ நாட்டு மலையில் விடியுமுன் மூடுபனி. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வரிசையில் ஆட்களுக்குப் பதில் சாமான்கள் நின்றன. ஒரு கல், ஒரு வாளி, மொஹாபியின் கூம்புத் தொப்பி. எல்லாவற்றுக்கும் முன்னால், குழந்தை போடுகிற ஒற்றை மஞ்சள் ரப்பர் பூட்ஸ்.

வெளிநாட்டு உதவிப் பணம் நின்றதிலிருந்து நர்ஸ் வியாழக்கிழமை மட்டும்தான் குதிரையில் வருகிறாள். கொண்டுவருவது ஒரே ஒரு பெட்டி மருந்து. பெட்டி காலியானால் கதவைச் சாத்திவிடுவாள்.

"எதிர்ல மாவுருண்டை பொரிக்கிறாளே மாதெபெல்லோ, அவளோடது" என்றாள் வாளிக்காரி.

"மாதெபெல்லோன்னா தெபெல்லோவோட அம்மான்னு அர்த்தம். அந்தத் தெபெல்லோவை யாராச்சும் பாத்திருக்கீங்களா? போன வாரமும் எவளோ ஒருத்திதான் முதல்ல உள்ள போனா. இடத்தைப் பிடிச்சு வெச்சு விக்கிறா இவ" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"வந்ததே போன வருஷம். எந்த ஊரோ, என்னவோ."

மொஹாபிக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து நாளாகிறது. விறுவிறுவென்று எழுந்து, பூட்ஸை வரிசையின் கடைசியில் கொண்டுபோய்ப் போட்டார். முதல் இடத்தில் தன் தொப்பியை வைத்தார்.

மாதெபெல்லோ பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று நினைத்தாளோ என்னவோ, எண்ணெயில் அடுத்த உருண்டையைப் போட்டாள். அவள் வாணலிப் புகை மெல்ல எழுந்து பனியோடு கலந்தது.

கீழே எங்கோ, கனவுக்குள் கேட்கிற மாதிரி, நர்ஸின் குதிரை மணி கேட்டது. அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். முதுகில் கட்டியிருந்த குழந்தையின் தலை துவண்டு தொங்கியது.

"ரெண்டு மலை தாண்டி வரேன். வரிசையில கடைசி எது?"

மாதெபெல்லோ கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பூட்ஸை ஒரு கையிலும் அந்தப் பெண்ணை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். தொப்பிக்கு முன்னால் பூட்ஸை வைத்தாள்.

"இதான் உன் இடம். நில்லு."

மொஹாபி குறுக்கே கையை நீட்டினார். "எவ்வளவு வாங்கினே?"

"தள்ளுங்கண்ணே. பிள்ளைக்கு மூச்சு இழுக்குது."

"எல்லாருக்குந்தான் இழுக்குது."

நர்ஸ் வந்து இறங்கினாள். பூட்ஸைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அந்தப் பெண்ணைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போனாள்.

மொஹாபி விடவில்லை. "யாரு அவ உனக்கு?"

"தெரியாதுண்ணே."

"காசு?"

"அவகிட்ட ஏது காசு?"

"அப்ப யாருமே வரலேன்னா?"

"பூட்ஸை எடுத்துட்டுப் போயிருவேன். யார் இடமும் போகாது."

"பையன் பேரைச் சொல்லி இடம் பிடிச்சா, பையன் வரணுமில்ல? போன வருஷத்திலேருந்து இதே பூட்ஸ். உன் பையனுக்குக் காலே வளராதா?"

வரிசை முழுக்கச் சிரித்தது.

மாதெபெல்லோ குனிந்து பூட்ஸை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த சேற்றைக் கம்பளி ஓரத்தால் துடைத்தாள்.

"வளரலண்ணே. அவனைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு, இந்த வரிசையில நாங்கதான் கடைசி."