வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தொட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் குட்டி மாத்திரைகள்.

இவருடைய மாத்திரைகள்.

இவரோ இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்துடன் சாப்பாட்டு மேசையில் காபிக்குக் காத்திருந்தார்.

மகளின் கல்யாணப் பேச்சை எடுத்தாலே இவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். திடீரென்று நிற்கிறது, அப்புறம் தூக்கி அடிக்கிறது என்பார். நடிப்பு என்றுதான் நினைத்தேன். முகத்துக்கு நேராகவே சொல்லியும் விட்டேன்.

நடிப்பில்லையாம். போன மாதம் டாக்டர் சொன்னார். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பிக்குச் சோம்பல். ஹார்மோன் போதாமல் இதயம் மந்தமாக ஓடுகிறது, நடுநடுவே தாளம் தப்புகிறது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும். போடாமல் விட்டால் ஆபத்து.

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷன், தன் நெஞ்சு மட்டும் மாடிக்கு மாடி நின்று நின்று போகட்டும் என்று விட்டிருக்கிறார்!

மகளோ அப்பாவுக்கு உடம்பு தேறிய பிறகுதான் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள். பையனும் தங்கம். சரி என்று காத்திருக்கிறான்.

எனக்கு வந்ததே கோபம். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இவர் முன்னால் ணங்கென்று வைத்தேன்.

"செடிக்கா தைராய்டு?"

தொட்டியை ஓரமாக நகர்த்தப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அந்தப் பையன்கிட்ட அப்படி என்னதான் குறை கண்டீங்க?"

"ஒரு குறையும் இல்ல." தொட்டி மண்ணையே பார்த்தார். "எனக்குச் சரியாயிட்டா அவ போயிடுவாளே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடல் தாண்டியா போகிறாள்? பையனுக்கு எதிர் வீடு. ஒரே மாடி, எதிரெதிர் கதவு. இவர் இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அவர்கள் வீட்டுக் குக்கர் விசிலை எங்களுடையது என்று நினைத்து எத்தனையோ நாள் நான் அடுப்பை அணைத்து, அரைவேக்காட்டுச் சோறு போட்டிருக்கிறேன்.

"நாலு எட்டுதாங்க! எட்டிப் பார்த்தா தெரிவா!"

"தெரிவா," என்றார். "ஆனா ராத்திரி அந்தக் கதவைத்தானே சாத்திக்கிட்டுப் படுப்பா."

சிரிப்பு நின்றுவிட்டது.

புதிதாக ஒரு மாத்திரையைப் பிரித்து இவர் வாயில் போட்டேன். தண்ணீரைக் கொடுத்து, தொண்டையில் இறங்கும்வரை அங்கேயே நின்றேன். எதிர் வீட்டிலிருந்து குக்கர் விசில் கேட்டது.

போன மாதம் டாக்டர் எனக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்துப் பார்த்தார். என் தைராய்டில் ஒரு கோளாறும் கிடையாது.

இருந்தும் எனக்கு ஒரு துடிப்பு தப்பியது.