படகின் மேல் குற்றமில்லை

"இது படகா சார்? பாடை! எந்த தைரியத்துல இதைத் தண்ணியில விட்டானுங்கன்னே தெரியல" என்றார் மேஸ்திரி சக்கரபாணி.

ஜானகிராமன் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். படகைச் சோதித்து அறிக்கை தர மெட்ராசிலிருந்து வந்திருந்த சர்வேயர் அவர். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். உதவிக்கு ஊர் மேஸ்திரி ஒருவர் வேண்டும் என்று அவர் கேட்டதும், கரையில் உட்கார்ந்திருந்த சக்கரபாணி தானாகவே எழுந்து வந்துவிட்டார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய சாமிக்கண்ணு ஆசை ஆசையாய்க் கட்டுவித்த படகு அது. வெளியே பார்த்தால் மீன்பிடி டிராலர். உள்ளே படுக்கை, அடுப்பு, கண்ணாடி ஜன்னல் என்று உல்லாசப் படகு. போன மாதம் முகத்துவாரத்தில் கவிழ்ந்து, அவருடைய தங்கையையும் மச்சானையும் விழுங்கிவிட்டது.

படகை ஓட்டிய வடிவேல் இப்போது ஜெயிலில். கட்டுமானம் மோசம் என்றால் கட்டியவன் மாட்டுவான். நல்லது என்றால் ஓட்டியவன் மாட்டுவான். அந்த இருவரையுமே ஜானகிராமனுக்குத் தெரியாது. ஆளைத் தெரிந்துகொண்டால் அது கண்ணை மறைத்துவிடும் என்று, பெயரைக்கூட விசாரிக்காமல் வேலை பார்ப்பது அவர் வழக்கம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சந்து பூரா பாருங்க சார். பஞ்சு சரியாவே திணிக்கல. தண்ணி கொடகொடன்னு ஏறியிருக்கும்."

ஜானகிராமன் பலகைச் சந்துகளில் விரல் நகத்தால் கீறிப் பார்த்தார். பஞ்சும் குங்கிலியமும் கல்லாய் இறுகியிருந்தன. ஒரு மாதம் ஆற்றுச் சேற்றில் கிடந்தும் ஓரிடத்தில்கூடப் பிரியவில்லை.

"நல்லாத்தானே இருக்கு?"

"மேல் பூச்சு சார் அது. அடியில ஏராக் கட்டையைப் பாருங்க, உளுத்த மரம்."

படகின் முதுகெலும்பான அந்த அடிக்கட்டையைச் சுத்தியலால் தட்டினார் ஜானகிராமன். கோயில் மணியாய்க் கணீரென்றது. ஒரே தேக்கு, ஒட்டில்லை, முடிச்சில்லை.

அவருக்கு எரிச்சல் மூண்டது. கொச்சி முதல் காக்கிநாடா வரை அவர் பார்க்காத படகுத்துறை இல்லை. ஒரு மேஸ்திரி கட்டிய படகை இன்னொரு மேஸ்திரி நல்லது என்று சொல்லி அவர் கேட்டதே கிடையாது. இரும்பாணியா, செப்பாணியா என்று பார்ப்பதற்கு முன்பே நாக்கு நீண்டுவிடும். தொழில் காய்ச்சல், வேறென்ன?

"உளுத்த மரம்னு சொன்னீங்களே மேஸ்திரி, இந்தாங்க ஊசி. உங்க கையாலயே குத்திக் காட்டுங்க."

சக்கரபாணி குத்தூசியை வாங்கினார். கட்டையில் வைத்தார். பச்சைக் குழந்தைக்கு ஊசி போடுகிறவர்போல் மெல்ல அழுத்தினார். ஊசி உள்ளே போகவில்லை.

"கேபின் உயரம் சார்" என்றார் அவசரமாக. "மேல பாரம் ஜாஸ்தி. திரும்பறப்போ படகு சாஞ்சிடும். எழுதுங்க சார்."

"எஞ்சினை எவ்வளவு தாழ்வா உக்கார வெச்சிருக்கான் பாத்தீங்களா? கேபினுக்குக் கனமில்லாத மரமாப் பாத்துப் போட்டிருக்கான். மூளைக்காரன்யா இதைக் கட்டினவன்!"

சக்கரபாணி படகின் பக்கப் பலகையைத் தடவினார்.

ஜானகிராமன் படகின் நிழலிலேயே உட்கார்ந்து அறிக்கையை முடித்தார். வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் ஒரு குறையும் இல்லை, கவிழ்ந்ததற்குப் படகு பொறுப்பல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறிக்கைக்காக வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

"அப்போ ஓட்டினவன்தான் சார். நாளைக்கே கோர்ட்டுல வெச்சிடறேன். குறைஞ்சது அஞ்சு வருஷம் உள்ள போவான்."

ஜீப் முதலியார்பேட்டைப் பக்கம் புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தது. சக்கரபாணி கொஞ்ச தூரம் அதன் பின்னால் ஓடிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"முகத்துவாரத்துல மணல் தூர்ந்து கெடக்குது சார். அலை எந்தப் பக்கம் தூக்கும்னு யாருக்கும் தெரியாது. கடல் மேல குத்தம்னு எழுத முடியாதா?"

"கடலைக் கொண்டுபோய்க் கூண்டுல நிறுத்தச் சொல்றியா?" மரியாதையெல்லாம் ஜானகிராமனிடமிருந்து கழன்றுவிட்டது. "காலையிலேருந்து பாக்கறேன். வாய் கூசாமப் பொய்யாச் சொல்லிட்டிருக்கே. இருபது வருஷத்துல இப்படி ஒரு வேலைப்பாட்டை நான் பாத்ததில்லை. இதைப் போய்ப் பாடைங்கறியே, கட்டினவன் காதுல விழுந்தா அவன் வயிறு எப்படி எரியும்னு யோசிச்சியா?"

சக்கரபாணி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எரியுது சார். கட்டினது நான்தான், ஓட்டினது எம் புள்ள."