கரண்டுப் பானை

"பெத்த அப்பனுக்கு ஒரு வாய் சோறு ஒழுங்கா ஆக்கிப் போட ஆளில்ல. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் வருவேன்."

கணவனிடம் இப்படிச் சொல்லிவிட்டு, கொத்தமங்கலத்தில் டவுன் பஸ் ஏறினாள் ஜெரினா. மடியில் தூக்குச்சட்டி. அதற்குள் நறுக்கிச் சுத்தம் செய்த நாட்டுக்கோழி.

அவளுடைய அப்பா சூசைமரியான், காரைக்குடியில் மகன் அந்தோணி பிரபுவோடு இருக்கிறார். டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கும். மகளுக்குப் போன் போட்டால் அவர் படிப்பது ஒரே பாட்டுத்தான்.

"உன் தம்பி பொண்டாட்டி கரண்டுப் பானை ஒண்ணு வாங்கி வச்சிருக்கா. ஸ்லோ குக்கராம். காலையில எல்லாத்தையும் அதுல கொட்டி, சுச்சைத் தட்டிவிட்டுட்டு ஆபீசுக்குப் போயிடுறா. மத்தியானம் தொறந்தா கறியும் கொழகொழ, காயும் கொழகொழ. எது ஆடு, எது கத்திரிக்கான்னு வெளங்கல."

ஜெரினா இதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கரண்டி பரிமாறியிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக அடுப்படிக்குத்தான் போனாள். லீவு நாள்தான். தம்பி மனைவி பெனிட்டா வீட்டில்தான் இருந்தாள். ஆனால் மேடைமேல் அந்தப் பானையில் கறி சத்தமில்லாமல் வெந்துகொண்டிருந்தது.

"வாங்க மதினி. வெயில்ல வந்திருக்கீக, தண்ணி குடிங்க."

"தண்ணி கெடக்கட்டும். லீவு நாள்லயும் இதுதானா?"

"பழகிருச்சு மதினி. அடுப்புகிட்ட நிக்கச் சோம்பலா இருக்கு."

அதைக் கொஞ்சமும் கூசாமல் சொன்னதுதான் ஜெரினாவுக்குப் பொறுக்கவில்லை.

"சோம்பேறிக்கு வாழைப்பழம் தோலோடம்பாக. உனக்கு அதையும் ஒரு ஆள் ஊட்டிவிடணும் போல. தள்ளு அங்குட்டு."

சட்டியை ஏற்றினாள். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், கிள்ளிப்போட்ட வரமிளகாய். கோழி உப்புக்கறியாகச் சுண்டச் சுண்ட, வாசம் தெருமுனை வரைக்கும் போனது. தெருவிலிருந்து யாராவது வந்து விசாரித்தால் பதில் சொல்லவும் தயாராக இருந்தாள். யாரும் வரவில்லை.

சூசைமரியான் தட்டின்முன் உட்கார்ந்து, கறியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இதுல்ல சாப்பாடு. கைமணம்னா இது."

ஜெரினா பெனிட்டாவை ஒரு பார்வை பார்த்தாள். பெனிட்டா குனிந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உள்ள புழுங்குது. கொல்லையில காத்தாட உக்காந்து திங்கிறேன்" என்று தட்டோடு எழுந்துபோனார் பெரியவர்.

இன்னும் நாலு துண்டு வைக்கலாம் என்று கரண்டியோடு பின்னால் போன ஜெரினா, கொல்லைக் கதவருகே நின்றுவிட்டாள்.

அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். அது இடது கன்னத்துக்குப் போனது. வலது கன்னத்துக்கு வந்தது. அங்கேயும் வேலைக்கு ஆகாமல் நடுவில் வந்து நின்றது. அவர் இருபுறமும் பார்த்துவிட்டு, அதைக் கையில் துப்பிப் போட்டார். அடுத்த வீட்டு நாய், அதற்காகவே கல்யாண வீட்டுப் பந்தியில் இடம்பிடித்ததுபோல் எதிரே உட்கார்ந்திருந்தது. அது ஒரே வாயில் முழுங்கிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தது.

"அப்..." என்று ஜெரினா வாயைத் திறக்குமுன், பெனிட்டா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள்.

"பாத்ததாக் காட்டிக்கிறாதீக மதினி."

"என்னடி நடக்குது இங்க?"

"மாமாவுக்கு முன்பல்லு மட்டுந்தான் இருக்கு. கடவாய்ப்பல்லு ரெண்டு பக்கமும் போச்சு. யாருகிட்டயும் மூச்சு விடல. அந்த நாய் கொழுத்துக்கிட்டே போச்சு, மாமா எளச்சுக்கிட்டே போனாக. அதுலதான் சந்தேகம் வந்துச்சு. அப்புறம் ஒருநா கொட்டாவி விட்டப்பப் பாத்துட்டேன்."

"அவருக்கு மட்டும் கொழைய வச்சுக் குடுக்க வேண்டியதுதான?"

"குடுத்தேனே. 'நான் என்ன சீக்காளியா'ன்னு தட்டைத் தள்ளிட்டு, அன்னைக்கு முழுக்கப் பட்டினி கெடந்தாக. அதான் இந்தப் பானையை வாங்கி, வீட்டுல எல்லாருக்குமே கொழைய வச்சுட்டேன். நான் சோம்பேறியா இருந்துட்டா, அவுக பல்லைப் பத்தி யாரும் பேச மாட்டாகல்ல."

ஜெரினா கையிலிருந்த கரண்டியை மேடைமேல் வைத்தாள். பூசை முடிந்து பேசிய ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

கொல்லையிலிருந்து திரும்பிய சூசைமரியான் மறுபடியும் தட்டின்முன் உட்கார்ந்தார்.

"மகராசி, வயிறு நெறஞ்சிருச்சு. இருந்தாலும் அந்தக் கொழகொழாவை எதுக்கு வீணாக்கணும். அதுலயும் ரெண்டு கரண்டி போடு."

ரெண்டு நாலாயிற்று. கறி வாயில் கரைந்து இறங்க இறங்க, பெரியவருக்குத் தெம்பு வந்தது. தெம்பு வந்ததும் குறையும் வந்தது.

"பாரு ஜெரினா, இதைத்தான் எனக்குத் தெனமும் போடுறா. உன் தம்பிக்குத்தான் வாயில்ல. வந்ததுக்கு நீயாவது இவளை நாலு வார்த்தை கேளு."

ஜெரினா முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெனிட்டாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இந்தச் சீமையில உன்னை மாதிரி ஒரு சோம்பேறியை நான் பாத்ததே இல்லடி" என்றாள். குரல்தான் கடைசியில் கொஞ்சம் இடறிவிட்டது.

சூசைமரியான் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே தட்டை நீட்டினார்.